நாடி சொல்லும் கணக்கு

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதம் இம்மாதப் பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கடிதத்தின் சாரம் இதுதான்:

“எங்கள் மூத்த மகன் காவலர் தேர்வுக்காக நாள்தோறும் ஓடிப் பழகுகிறான். துபாயிலிருந்து வந்த அவனுடைய மாமா ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்து கட்டிவிட்டார். அன்று முதல் வீட்டில் நிம்மதி இல்லை. சுபுஹுக்கு எழுந்ததும் அவன் கை முதலில் அந்தக் கடிகாரத்தைத்தான் தொடுகிறது. ‘உடல் களைத்திருக்கிறது’ என்று அது காட்டினால் முகம் வாடிப் படுத்துவிடுகிறான். ‘நன்று’ என்று காட்டினால் வெயில் ஏறும்வரை ஓடிவிட்டு வந்து வாந்தி எடுக்கிறான். அவன் அத்தாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். விளையாட்டாக அவரும் ஒருநாள் அதைக் கட்டிப் பார்த்தார். மகனுக்கு 70 என்று காட்டும் இடத்தில் அவருக்கு 14 என்று காட்டியது. அன்றிரவு அவர் உறங்கவே இல்லை. இந்தக் கருவி சொல்வதில் எவ்வளவு உண்மை, ஹஜ்ரத்? நோன்பு மாதத்திலும் இவன் இப்படியே ஓடலாமா?”

கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு மருத்துவம் தொழிலன்று. ஆயினும் இவ்வினா ஒரு குடும்பத்தின் வினா மட்டுமன்று. தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரையிலான நம் வட்டாரத்தில், எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் உட்பட, விடியற்காலையில் ஓடும் இளைஞர் கூட்டத்தை யாவரும் காண்கிறோம். சிலர் காவலர் தேர்வுக்கும் சிலர் இராணுவத்திற்கும் பழகுகின்றனர். நாற்பதைக் கடந்த சிலர், மருத்துவர் அச்சுறுத்திய பின் ஓடத் தொடங்கியவர்கள். அவர்களில் பலருடைய மணிக்கட்டில் இத்தகைய கடிகாரம் ஏறிவிட்டது. ஆதலின், நூல்களிலிருந்தும் மருத்துவம் கற்ற நண்பர்களிடமிருந்தும் நான் அறிந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 70-உம் 14-உம் எவற்றின் எண்கள் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். அவை நிமிடத்திற்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்னும் கணக்கு அல்ல. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்னும் கணக்கு. ஆங்கில முதலெழுத்துகளால் இதனை எச்.ஆர்.வி. என்பர். தமிழில் துடிப்பு இடைவெளி மாறுபாடு எனலாம். நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம் சரியாக நொடிக்கு ஒருமுறை துடிக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். சுவர்க் கடிகாரம் அவ்வாறு துடிக்கும். நலமுள்ள இதயம் துடிக்காது. ஒருமுறை ஒரு நொடிக்குச் சற்று முன்னும், மறுமுறை சற்றுப் பின்னும் துடிக்கும். நாம் மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சிறிது விரைகிறது. வெளிவிடுகையில் சிறிது தணிகிறது. அமைதியாக அமர்ந்து மணிக்கட்டில் விரல்வைத்து, ஆழ்ந்து மெதுவாக மூச்சுவிட்டால், இளம் வயதினர் இதைத் தம் விரலாலேயே உணரலாம்.

விரலால் உணரும் இக்கலை நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் எனப் பிரித்தறிவதை நம் பாட்டிமார் காலம்வரை எல்லா இல்லங்களும் அறிந்திருந்தன. அரபியில் நாடித் துடிப்புக்கு ‘நப்ளு’ என்று பெயர். கி.பி. 1037-ல் மறைந்த இப்னு ஸீனா, தமது ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலின் முதற்பகுதியிலேயே நாடிக்கெனத் தனி இடம் ஒதுக்கி, அதனைப் பத்துக் கூறுகளால் ஆராய வேண்டும் என்கிறார். துடிப்பின் அளவு, வலிமை, விரைவு ஆகியவற்றோடு, துடிப்புகள் ஒன்றையொன்று ஒத்துள்ளனவா, மாறுபட்டால் அம்மாறுபாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டா என்பனவும் அப்பத்தில் அடங்கும். நாடியின் தாளத்தை இசையின் அளவைகளோடும் அவர் ஒப்பிடுகிறார். நொடிமுள் இல்லாத காலத்தில் விரல்நுனியை மட்டும் கொண்டு ஒருவர் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. எனினும் இன்றைய அறிவியல் அனைத்தையும் அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று மேடைகளில் முழங்குவோர் கூட்டத்தில் நான் இல்லை. அவர் கேட்ட வினா இது. விடையை அளந்து சொல்வதற்கு மின்கருவி வரவேண்டியிருந்தது.

இதயத்தின் மேற்பகுதியில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறு திசுக்கூட்டம் இருக்கிறது. எந்த நரம்பின் கட்டளையும் இல்லாமல் அதைத் தனியே விட்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். அதன்மீது இருவகை நரம்புகள் ஆட்சி செலுத்துகின்றன. ஒன்று முடுக்குவது, அச்சம், சினம், ஓட்டம், காய்ச்சல் ஆகிய வேளைகளில் அது மேலோங்கும். மற்றொன்று தணிப்பது, மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து, மார்பு, வயிறு என அலைந்து செல்லும் வேகஸ் நரம்பு அது. அரபு மருத்துவ நூல்கள் இதனை ‘முப்ஹம்’ என்கின்றன. தெளிவாய்ப் புலப்படாதது என்று பொருள். ஓய்வில் நம் துடிப்பு 70-க்கு இறங்கியிருப்பது இந்நரம்பின் பிடியினால்தான். முடுக்கும் நரம்பின் செயல் வெளிப்பட ஓரிரு நொடிகளேனும் ஆகும்; தணிக்கும் நரம்போ ஒரு நொடிக்குள் வேலையைக் காட்டிவிடும். ஆகவே துடிப்புக்குத் துடிப்பு நிகழும் விரைவான மாறுதல்கள் பெரும்பாலும் தணிக்கும் நரம்பின் கைவண்ணமே. அம்மாறுதல் தாராளமாக இருந்தால் உடல் இளைப்பாறியிருக்கிறது. சுருங்கினால் உடல் எதனோடோ போராடுகிறது. அந்த ‘எது’ என்பதை மட்டும் எண் சொல்லாது.

கணக்குப் போடும் முறையையும் ஒருமுறை பார்த்துவிட்டால் கருவியின் மீதுள்ள மருட்சி நீங்கும். அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகள், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, 980, 1040, 1010, 950, 1020 என இருப்பதாகக் கொள்வோம். பக்கத்துப் பக்கத்து எண்களின் வேறுபாடு 60, 30, 60, 70. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 13,000. நான்கால் வகுக்க 3,250. அதன் வர்க்கமூலம் 57. மகனுக்கு 70 என்று காட்டியது, பெரும்பாலும் இப்படிப் பல துடிப்புகளை வைத்துப் போட்ட ஒரு வர்க்கமூலமே. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை தாளில் போட்டுவிடலாம். ஆனால் ‘களைத்திருக்கிறாய்’, ‘தயாராக இருக்கிறாய்’ என்று கடிகாரம் கூறும் தீர்ப்பு வேறு. இந்த எண்ணோடு உறக்கம், முந்தின நாள் உழைப்பு முதலியவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் சூத்திரத்தின் விளைவு அது. எண்ணை மதிக்கலாம், தீர்ப்பை ஆலோசனையாக மட்டும் கொள்ளலாம்.

மருத்துவ உலகில் இவ்வெண்ணுக்கு மதிப்பு வந்தது ஓட்டக்காரர்களால் அன்று. 1965-ல் மகப்பேற்று மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். கருவிலுள்ள குழந்தை துன்புறும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே துடிப்புகளின் இடைவெளி மாறுபாடு குறைகிறது என்பது அது. மாரடைப்புக்குப்பின் இம்மாறுபாடு மிகக் குறைந்திருப்போர்க்கு இறப்பு அபாயம் மிகுதி என்று 1987-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 1996-ல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய வல்லுநர் குழுவினர் கூடி, இதனை எவ்வாறு அளப்பது என்பதற்குப் பொது விதிகள் வகுத்தனர். ஓட்டப் பயிற்சிக்கு இது இறங்கிவந்த கதை பின்லாந்தில் நிகழ்ந்தது. அந்நாட்டின் போலார் நிறுவனம் மார்பில் பட்டை கட்டிக் கம்பியில்லாமல் துடிப்பை அளக்கும் கருவியை 1982-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நாட்டு ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓடினர். மற்றொரு பிரிவினர் காலைதோறும் இம்மாறுபாட்டை அளந்து, அது குறைந்த நாளில் மெல்ல ஓடியோ ஓய்ந்தோ இருந்து, தேறிய நாளில் மட்டும் கடுமையாக ஓடினர். நான்கு வாரத்தில் இரண்டாம் பிரிவினரின் முன்னேற்றம் மேலாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் அந்த ஆதாயம் சிறியதே என்று தெரிகிறது. ஆனாலும் உடலைக் கேட்டு நடந்தவர் எதையும் இழக்கவில்லை.

சகோதரியின் மகன் செய்யும் பிழை இங்கேதான் இருக்கிறது. ஒருநாள் எண்ணை அவர் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார். இவ்வெண் நாளுக்கு நாள் தாவும் இயல்புடையது. முந்தின இரவு கல்யாண வீட்டில் பிரியாணி உண்டு பதினொரு மணிக்குப் படுத்தால் இறங்கும். புழுக்கத்தில் உறக்கம் கெட்டால் இறங்கும். தேர்வு பற்றிய கவலையாலும் இறங்கும். காலையில் எண்ணைப் பார்த்து அஞ்சினால், அந்த அச்சத்திலேயே அடுத்த அளவு இறங்கிவிடும்! அதனால்தான் பயிற்சி வல்லுநர்கள் ஏழு நாள் சராசரியைப் பார்க்கச் சொல்கின்றனர். இவ்வாரச் சராசரி சென்ற வாரங்களின் சராசரியோடு ஒத்திருக்கிறதா என்பதே வினா. சராசரி பல நாட்களாகச் சரிந்துகொண்டே போனால், அப்போது உறக்கத்தையும் உணவையும் ஓட்டத்தின் அளவையும் திருத்த வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். விழித்து, சிறுநீர் கழித்து, தேநீர் அருந்தும் முன், நாள்தோறும் ஒரே நிலையில் படுத்தோ அமர்ந்தோ ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் அளக்க வேண்டும். ஒருநாள் படுத்தும் மறுநாள் நின்றும் அளந்த எண்களை ஒப்பிடுவது, ஒருநாள் படியாலும் மறுநாள் ஆழாக்காலும் அரிசி அளந்து கணக்குப் பார்ப்பது போன்றது. மணிக்கட்டுக் கருவி தோலுக்குள் ஒளி செலுத்தி இரத்த ஓட்டத்தைக் கொண்டு ஊகிப்பது, அசையாமல் இருக்கையில் ஓரளவு நம்பத்தக்கது, ஓடும்போது தடுமாறும். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே வாங்குவதால் மேலானது. இவை எதுவும் இல்லாத இல்லத்தாருக்கும் வழியுண்டு. விழித்ததும் எழாமலேயே, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டு வாரத்தில் தமக்குரிய வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒருநாள் அதைவிட ஏழெட்டுத் துடிப்பு மிகுந்திருந்தால், அன்று கடும் ஓட்டம் வேண்டாம். காய்ச்சல் வரும் முன்பே இவ்வேற்றம் தோன்றுவதுண்டு. செலவில்லாத இம்முறையை நான் பெரிதும் விரும்புகிறேன். நொடிமுள் உள்ள எந்தக் கடிகாரமும் இதற்குப் போதும்.

துடிப்பின் மாறுபாடு உடல் தேறியதைச் சொல்வது. ஓடும் ஆற்றலை அளப்பது வேறு கணக்கு. உச்ச உழைப்பில் ஒருவருடைய உடல், தன் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்த முடிகிறது என்பதே அவ்வளவு. வி.ஓ.டூ மாக்ஸ் என்று கடிகாரம் காட்டுவது இதைத்தான். சும்மா அமர்ந்திருக்கையில் நமக்குச் செலவாவது ஏறத்தாழ மூன்றரை மில்லிலிட்டர். உலகத்தரமான நெடுந்தூர ஓட்டக்காரர் 70-க்கும் மேல் ஏறுவர். நுரையீரல் இழுத்த வாயுவை இரத்தம் ஏந்த வேண்டும். இதயம் இறைக்க வேண்டும். தசை வாங்கி எரிக்க வேண்டும். பயிற்சியால் மிகவும் மாறுவது இதயத்தின் இறைக்கும் அளவு. பழகாத இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் தள்ளும். பழகிய இதயம் 100-க்கு மேல் தள்ளும். அதனால்தான் நல்ல ஓட்டக்காரரின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 50, சிலரிடம் 40 துடிப்போடு நிறைவடைகிறது.

ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி ஓடவிட்டு இதனை அளப்பார்கள். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் எளிய வழியொன்றைச் சொன்னார். சமதளத்தில் 12 நிமிடம் ஓடி, கடந்த தூரத்தை மீட்டரில் குறித்து, 505-ஐக் கழித்து, மீதியை 45-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவே. 2,400 மீட்டர் ஓடியவர்க்கு 42; 2,600 மீட்டர் ஓடியவர்க்கு 46 அல்லது 47. இச்சோதனை உடல்நலமுள்ள, ஏற்கெனவே ஓடிப் பழகிய இளைஞர்க்குரியது என்பதை மறக்க வேண்டாம். கடிதத்தில் கண்ட தந்தை போன்றவர்கள் இதில் இறங்கலாகாது.

இப்போது மகனுடைய தேவையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும் என்பது விதி. அதாவது 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. 12 நிமிடத்தில் 2,500 மீட்டர் நிதானமாகக் கடக்கும் இளைஞர் இதனைச் சிரமமின்றி முடிப்பார். இராணுவத்தின் 1,600 மீட்டர் இதைவிடக் கடினம். அங்கே முழு மதிப்பெண் பெற ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டில் எதுவாயினும், நாள்தோறும் வாந்தி வரும் அளவுக்கு ஓடிப் பெறவேண்டிய பேறு அன்று. உலகின் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தோர் கண்டது யாதெனில், அவர்களுடைய ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டம் என்பதே. நம் பிள்ளைகளோ ஒவ்வொரு நாளையும் தேர்வுநாளாக்கிக் கொள்கின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கோ. லட்சுமணன் 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது, தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளையும் இவ்வாறு ஓட இயலும் என்று பலர் கண்டுகொண்டனர். அந்தப் பந்தயத்தை மட்டும் பார்த்தவர்க்கு, அதன் பின்னேயுள்ள ஆண்டுக்கணக்கான பொறுமை கண்ணில் படுவதில்லை.

நம் வட்டாரத்துக்கே உரிய இடர்களும் உண்டு. ஒரகடம், மறைமலைநகர், மகேந்திரா சிட்டி என ஆலைகள் நிறைந்த பகுதி இது. இரவு முறை வேலை முடித்து, காலை ஆறு மணிக்கு நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கி, அப்படியே காலணி மாற்றிக்கொண்டு ஓடப் போகும் பிள்ளைகளை நான் அறிவேன். உறங்காத உடலுக்கு அந்த ஓட்டம் பயிற்சியாகாது, பளு மட்டுமே. உறங்கி எழுந்து மாலையில் ஓடட்டும். விடியற்காலை குளிர்ச்சியாக இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் சூடு தணியாது. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குத் திரும்பும். தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இறைக்க வேண்டிய இதயம் அதே வேகத்துக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் கூடுதலாகத் துடிக்கும். சித்திரை, வைகாசியில் கடிகாரம் ‘ஆற்றல் குறைந்துவிட்டது’ என்று காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை, குறைந்தது ஆற்றலன்று. ஓடுமிடமும் கவனத்திற்குரியது. ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடம் சாலையும் சரக்குந்துகளுக்குரியவை. பள்ளி மைதானமோ மனைப்பிரிவின் உட்சாலையோ நன்று.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, கருவி சொல்லவே இயலாத ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடவேண்டும் என்பது விதி. அத்தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். அரசு தேர்வை நிறுத்திவைத்து விதிகளை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. வேலைக்காக வந்த பிள்ளைகள் ஜனாஸாவாகவும் சடலமாகவும் வீடு திரும்புவது எந்தச் சமூகத்துக்கும் பொறுக்கக்கூடியதன்று. பிறவியிலேயே இதயத்தசை தடித்திருத்தல், மின்னோட்டக் கோளாறு ஆகியவை இளம் ஓட்டக்காரரின் திடீர் மரணத்துக்குக் காரணமாவதுண்டு. வெப்பத் தாக்குதலும் காரணமாகும். காலையில் 70 என்று நல்ல எண் காட்டிய கடிகாரம் இவற்றில் எதற்கும் சான்றிதழ் தருவதில்லை. மாறாக, துடிப்பு தாறுமாறாக இருக்கும் நோயிலும் அவ்வெண் மிகப் பெரிதாகக் காட்டி ஏமாற்றலாம். ஆகவே குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போது பிள்ளைக்கு மயக்கம், நெஞ்சுவலி, காரணமற்ற படபடப்பு நேர்ந்திருந்தாலோ, ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் சென்று இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தேவையாயின் எக்கோவும் எடுக்கச் சொல்வார். சகோதரியின் மகன் வாந்தி எடுப்பதையும் மருத்துவர் ஒருமுறை கேட்டறியட்டும்.

அடுத்து, உறங்காமல் கிடந்த அத்தாவுக்கு. சகோதரரே, மகனோடு ஒப்பிட்டது முதற்பிழை. இம்மாறுபாடு வயதோடு குறைந்து செல்வது இயற்கை. ஒரே வயதுடைய இருவரிடமும்கூட இவ்வெண் மிகவும் வேறுபடும். ஆகையால் 14 என்னும் எண்ணே நோயாகாது. ஆயினும் உங்களுக்குச் சர்க்கரை நோய் பத்து ஆண்டுகளாக இருப்பதால் இதை ஒதுக்கித் தள்ளவும் சொல்லமாட்டேன். நீண்டநாள் சர்க்கரை, பாதத்து நரம்பை மரக்கச் செய்வதுபோல் இதயத்தை ஆளும் நரம்புகளையும் மரக்கச் செய்யக்கூடும். தணிக்கும் நரம்பு முதலில் நலிவதால் ஓய்விலும் துடிப்பு மிகுந்து, மூச்சுக்கேற்ற மாறுதல் மறைகிறது. இதில் கொடியது யாதெனில், அத்தகையோர்க்கு மாரடைப்பு வலியின்றியே வரக்கூடும் என்பது. இதற்கு மருத்துவர் செய்யும் சோதனை மிக எளிது. இ.சி.ஜி. இணைத்து, நிமிடத்திற்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சுவிடச் சொல்வார். மூச்சோடு ஏறி இறங்கும் துடிப்பின் வேறுபாடு 15-க்கு மேல் இருந்தால் நன்று. 10-க்குக் கீழ் இருந்தால் நரம்பு நலிந்திருக்கக்கூடும். வயதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார். அவரிடம் செல்லும்போது நீங்கள் உண்ணும் மாத்திரைகளைத் தவறாமல் கூறுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் துடிப்பையே மாற்றிக் காட்டும். கடிகாரத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடவே கூடாது.

அவர் நடக்கத் தொடங்குவதற்கு இந்த 14 தடையன்று. சென்னை மாநகர மேயராக 2006 முதல் 2011 வரை இருந்தவரும், 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன், தாம் சர்க்கரை நோயர் என்பதை வெளிப்படையாகக் கூறியவர். ஐம்பதைக் கடந்த பின்னர் நெடுந்தூரம் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். எல்லோரும் அவ்வளவு ஓட வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்த பின், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் நாள்தோறும் அரைமணி நடந்தால் போதும். நடையை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முழு உழைப்புச் சோதனைக்குப்பின் ஒரு நிமிடத்தில் 12 துடிப்புகூட இறங்காதவர்க்கு அபாயம் மிகுதி என்று 1999-ல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. பழக்கம் ஏற ஏற இந்த இறக்கம் விரைவாகும்.

கடிதம் எழுதிய சகோதரி தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நம் இல்லங்களின் வழக்கம் அதுதான்! அவர் தம் நாடியையும் எண்ணிப் பார்க்கட்டும். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏந்தும் பிராணவாயு ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர். அளவு 14 உள்ளவரின் நூறு மில்லிலிட்டர் இரத்தம் 18-க்கு மேல் ஏந்துமெனில், 9 உள்ளவரின் இரத்தம் 12 மட்டுமே ஏந்தும். பற்றாக்குறையை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கிறது என்பதை வயதின் மீது போட்டுவிடாமல், ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். அதன்பின் மொட்டை மாடியில் நடந்தாலும் நடைதான்.

இறுதியாக நோன்பு பற்றிய வினா. ரமளானில் இதயத்தின் ஆற்றல் பெரிதும் குன்றுவதில்லை. குன்றுவது பெரும்பாலும் உறக்கமும் நீரும்தான். தராவீஹ் முடிந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஸஹருக்கு எழுந்து, பகலில் வேலைக்கும் செல்லும் பிள்ளையின் காலை எண் இறங்கியே இருக்கும். அம்மாதத்தைப் புதிய உயரங்களுக்கான மாதமாகக் கொள்ளாமல், பெற்றதைக் காக்கும் மாதமாகக் கொள்ளட்டும். வெயிலில் ஓடவே கூடாது. மெல்லோட்டமாயின் இஃப்தாருக்கு முந்தைய அரைமணி நேரம் ஏற்றது. முடித்த கையோடு நோன்பு திறந்து நீர் அருந்தலாம். சற்றுக் கடுமையான ஓட்டமாயின் தராவீஹுக்குப்பின், வாரத்திற்கு இருமுறை போதும். பகலில் ஓர் உறக்கம் கட்டாயம் வேண்டும். தேர்வு நாள் ரமளானிலேயே வந்துவிட்டால், நோன்பு பற்றிய சட்டத்தைத் தம் பள்ளிவாசல் இமாமிடம் நேரில் கேட்டுக்கொள்ளட்டும். கடிதத்தில் நான் அதற்குத் தீர்ப்பு எழுதுவது முறையன்று. மகனுடைய ஏழு நாள் சராசரியை ஷஃபான் மாதத்திலேயே ஒரு தாளில் குறித்துவைத்துவிடுங்கள். ரமளானில் இறங்கிய எண் ஷவ்வாலின் இரண்டாம் வாரத்திற்குள் அந்த அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, திரும்பிய பின்னரே பழைய வேகத்தைத் தொடங்கட்டும்.